லித்தோகார்பஸா, காஸ்டனாப்சிஸா, குவெர்கஸா? கிண்ணத்தை மட்டும் நம்ப வேண்டாம்

தென்கிழக்காசிய மலைக்காடுகளில் பீச் குடும்பத்து மரங்களைப் பிரித்தறிவதில் திணற வைப்பவை லித்தோகார்பஸ், காஸ்டனாப்சிஸ், குவெர்கஸ் (ஓக்) என்ற மூன்று பேரினங்கள். தரையில் கிடக்கும் கிண்ணத்தை (கொட்டையைத் தாங்கும் அல்லது மூடும் உறையை) மட்டும் பார்த்துப் பெயர் எழுதினால் விதைச் சேகரிப்புப் பட்டியலே தப்பாகிவிடும்.

காஸ்டனாப்சிஸ் ஓரளவு சுலபம். முள் நிறைந்த உறை கொட்டையை முழுக்க மூடியிருக்கும். உள்ளே பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று கொட்டைகள். காஸ்டனாப்சிஸ் இனெர்மிஸ், அக்யூமினாட்டிசிமா போன்ற சில இனங்களில் முள்ளுக்குப் பதில் குமிழ்கள்தான். அப்போது கிளையைப் பாருங்கள்: இலைகள் பெரும்பாலும் இருபுறமும் வரிசையாக அமைந்து, அடிப்பக்கம் வெள்ளியாகவோ செம்பழுப்பாகவோ மின்னும்.

உண்மையான சிக்கல் லித்தோகார்பஸுக்கும் குவெர்கஸுக்கும் இடையில்தான். வெப்பமண்டல ஆசியாவின் குவெர்கஸ் பலவற்றின் கிண்ணத்தில் அடுக்கடுக்கான வளையங்கள் உண்டு. அதே வளையங்கள் லித்தோகார்பஸின் சில இனங்களிலும் வரும். ஆகவே வளையத்தை வைத்து முடிவெடுக்கக் கூடாது. பூக்காலமாக இருந்தால் ஐயமே இல்லை: குவெர்கஸின் ஆண் பூங்கதிர் தொங்கும், காற்றுதான் மகரந்தத்தைக் கொண்டுபோகும். லித்தோகார்பஸில் கதிர் விறைத்து நிமிர்ந்து நிற்கும், வாசனைக்குப் பூச்சிகள் மொய்க்கும். பூ இல்லையென்றால் கொட்டையின் நுனியைக் கைலென்ஸில் பாருங்கள். சூலகமுடியின் (பூவில் மகரந்தம் ஒட்டும் நுனியின்) மிச்சம் தட்டையாக விரிந்திருந்தால் குவெர்கஸ், ஊசிமுனைபோல் புள்ளியாக இருந்தால் லித்தோகார்பஸ். தடித்த காம்பில் கிண்ணங்கள் மூன்று மூன்றாக ஒட்டி, அவற்றில் சில வளராமல் குட்டையாக நின்றிருந்தாலும் லித்தோகார்பஸ்தான். நியூ கினியில் இந்தச் சந்தேகமே எழாது. அங்கே குவெர்கஸ் இயற்கையாக வளர்வதில்லை.

நாற்றங்காலுக்கு எது நல்லது? தொடக்க நிலைக்குக் காஸ்டனாப்சிஸ் அக்யூமினாட்டிசிமாதான் என் தேர்வு. சிறு கொட்டை, மெல்லிய ஓடு, சீக்கிரம் முளைக்கும். கனத்த ஓடுள்ள லித்தோகார்பஸ் இனங்கள் மாதக்கணக்கில் காக்க வைக்கும். பொறுமையிழந்து பாத்தியைக் கொட்டிவிடாதீர்கள்.

மற்றதெல்லாம் மூன்றுக்கும் பொது. கொட்டை உலர்ந்தால் செத்துப்போகும், அதனால் பொறுக்கிய சில நாட்களுக்குள் விதையுங்கள். தண்ணீரில் மிதப்பதையும் வண்டு துளைத்ததையும் ஒதுக்கி, மீதியைப் படுக்கவைத்து, கொட்டையின் கனத்துக்கு மண் மூடினால் போதும். எலி, அணில் வராமல் மேலே கம்பிவலை அவசியம். தாய்மரத்தடி மண்ணைக் கொஞ்சம் கலந்தால் வேரோடு சேர்ந்து வாழும் பூஞ்சை கிடைக்கும். ஆழம் குறைந்த பையில் ஆணிவேர் சுருண்டுகொள்ளும். அப்படிப்பட்ட நாற்று நட்டபிறகு வறட்சியில் முதலில் வாடும்.