சில்லு நட்டை இறுக்க: காலா, கன்னா, டோர்க் ரென்ச்சா?

திருகோணமலையில் கார் சில்லைக் கழற்றிப் பூட்டுகிறவர்களிடம் பொதுவாக நாலு சாமான் இருக்கும். காரோடு வந்த எல் வடிவ வீல் ஸ்பானர், கூட்டல் குறி மாதிரி இருக்கும் குறுக்கு ஸ்பானர், டயர் கடையின் எயார் கன், அப்புறம் அபூர்வமாக ஒரு டோர்க் ரென்ச். நாலுமே நட்டை இறுக்கும். எவ்வளவு இறுக்கியது என்று சொல்வது கடைசி ஒன்று மட்டும்தான். அதற்காக ஒரு டோர்க் ரென்ச் வாங்கினால் கவலை விட்டது என்று சொல்ல மாட்டேன். இந்த ஊர் உப்புக்காற்று அதையும் ஏமாற்றும்.

முதலில் அளவு, அதாவது நட்டுக்கு எவ்வளவு முறுக்கு கொடுக்க வேண்டும் என்பது. நம்மிடம் ஓடுகிற டொயோட்டா சிறு கார்கள், விட்ஸ், அக்சியோ, அக்குவா போன்றவை, 103 நியூட்டன் மீற்றர் கேட்கும். ஹொண்டா ஃபிட், வெசல் 108. வாகன் ஆர் போன்ற சுசுக்கிச் சிறு கார்களுக்கு 85 போதும். ஜப்பானில் இருந்து பாவித்து வந்த காராக இருந்தால் கையேடு ஜப்பானிய மொழியில்தான் இருக்கும். ஆனால் எண்ணை யாரும் வாசிக்கலாம். சில்லு மாற்றும் படத்துக்குப் பக்கத்தில் 103 என்றும், பக்கத்திலேயே பழைய அளவில் 1050 என்றும் போட்டிருப்பார்கள். இரண்டும் ஒன்றுதான், பின்னது கிலோகிராம் சென்ரிமீற்றர் கணக்கு.

இனி எல் ஸ்பானர். அதன் கை ஏறத்தாழ கால் மீற்றர். 103 வர வேண்டுமென்றால் அதன் நுனியில் 42 கிலோ அழுத்தம் வேண்டும். கையால் அழுத்தினால் பலருக்கு அது வராது. அதனால்தான் ஏறி மிதிக்கிறார்கள். 70 கிலோ ஆள் நுனியில் முழுப் பாரத்தையும் போட்டு நின்றால் 170ஐத் தாண்டிவிடும், துள்ளினால் அதற்கும் மேல். ஆக, கையால் இறுக்கினால் குறைவு, காலால் இறுக்கினால் கூட. நடுவில் நிற்கத் தெரிந்த கை அனுபவசாலிகளுக்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வருடத்துக்கு ஒரு தடவை சில்லு மாற்றுகிற நமக்கு அந்தக் கை எங்கே இருந்து வரும்?

குறுக்கு ஸ்பானர் இதைவிட எவ்வளவோ மேல். இரண்டு கையாலும் பிடித்து, ஒன்றால் தள்ளி மற்றதால் இழுக்கும்போது நட்டு நேராகச் சுற்றும், ஸ்பானர் சரிந்து நட்டின் மூலை தேய்வதில்லை. கழற்றுவதற்கும் விரைவாகச் சுற்றிப் பூட்டுவதற்கும் இதை விட்டால் வேறில்லை. டிக்கியில் கட்டாயம் கிடக்க வேண்டிய சாமான் இதுதான் என்பேன். அளவு மட்டும் சொல்லாது.

எயார் கன் விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நம் சில்லுகளில் பெரும்பாலானவை அதனால்தான் பூட்டப்படுகின்றன. கழற்ற அது அருமையான சாமான். இறுக்கும்போதுதான் சிக்கல். அரை அங்குலக் கன் பலநூறு நியூட்டன் மீற்றர் தரக்கூடியது. எவ்வளவு தருகிறது என்பது கொம்பிரசரில் உள்ள காற்று, விசையை எத்தனை நொடி அழுத்தினார்கள், நட்டில் எவ்வளவு துரு என்பதையெல்லாம் பொறுத்தது. தாங்கியில் காற்று இறங்கிவிட்டால் முதல் சில்லு ஒரு மாதிரியும் நாலாவது சில்லு இன்னொரு மாதிரியும் இருக்கும். ஒரு கடையில் "கடைசிச் சுற்றைக் கையால் இறுக்குங்கள் தம்பி" என்று கேட்டதற்கு, "பயப்பிடாதீங்க அண்ணன், இது கழரவே கழராது" என்று பதில் வந்தது. கழராது என்பதுதானே பயமே. கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் இருட்டில் பஞ்சரானால், யானை கடக்கிற றோட்டில் ஸ்பானர் மேல் ஏறித் துள்ளிக்கொண்டு நிற்க எவருக்கு ஆசை?

அளவு மீறினால் வருவது அது மட்டுமல்ல. ஸ்டட், அதாவது நட்டு ஏறுகிற மரைத் தண்டு, அளவுக்கு மீறி இழுபட்டால் பழைய நீளத்துக்குத் திரும்பாது, பிறகு ஒருநாள் முறிந்துவிடும். ஒரு நட்டு 90, அடுத்தது 250 என்று இருந்தால் பிரேக் டிஸ்க் நெளிந்து, பிரேக் பிடிக்கும்போது பெடல் நடுங்கும். குறைவாக இருந்தால் இன்னும் மோசம்: ரிம் அசைந்து அசைந்து ஓட்டை பெருத்து, ஸ்டட் வெட்டுப்படும்.

சில கடைகளில் கன்னுக்கும் சொக்கெட்டுக்கும் நடுவில் ஒரு முறுக்குக் கம்பி போடுவார்கள், குறித்த அளவுக்கு மேல் போகாமல் அது வளைந்து தாங்கும். வெறும் கன்னுக்கு இது எவ்வளவோ பரவாயில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு கையால் சரிபார்க்கத்தான் வேண்டும்.

டோர்க் ரென்ச்சிலும் இரண்டு கட்சி. ஒன்று கிளிக் வகை: பிடியைச் சுற்றி அளவு வைத்து இழுத்தால், அந்த அளவு வந்ததும் 'டிக்' என்று கையில் தட்டும். மற்றது ஊசி வகை: நீளக் கம்பி ஒன்று வளைய, பக்கத்தில் வளையாத ஊசி தகட்டில் எண்ணைக் காட்டும். திரையும் பற்றரியும் உள்ள டிஜிட்டல் வகையும் உண்டு, வீட்டுப் பாவனைக்கு அது அதிகம்.

பலரும் கிளிக் வகையைத்தான் சொல்வார்கள். பாவிக்கச் சுகம், உண்மைதான். இருட்டில், பக்கத்தில் பஸ் இரைந்துகொண்டு போனாலும் கைக்குத் தெரியும். ஆனால் அதற்குப் பத்தியம் உண்டு. மெதுவாக இழுக்க வேண்டும், முதல் தட்டலோடு நிறுத்த வேண்டும். மனத் திருப்திக்கு மூன்று தரம் தட்ட வைப்பவர்கள் ஒவ்வொரு தட்டலிலும் கொஞ்சம் கூட்டுகிறார்கள். அதை வைத்து நட்டைக் கழற்றக் கூடாது. வேலை முடிந்ததும் ஆகக் குறைந்த அளவுக்குத் திருப்பி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே ஸ்பிரிங் தளரும். இன்னொன்று: பிடியில் இரண்டு அளவுகோல் இருக்கும். அடி-இறாத்தல் பக்கம் 103ஐ வைத்துவிட்டால் நட்டுக்குப் போவது 140 நியூட்டன் மீற்றர்.

ஊசி வகைக்கு இந்தக் கஷ்டம் ஒன்றும் இல்லை. ஸ்பிரிங் இல்லை, திருப்பி வைக்கத் தேவையில்லை. மாதக்கணக்கில் அலுமாரியில் கிடந்தாலும், ஊசி பூச்சியத்தில் நிற்கிறதா என்று பார்த்தால் போதும். ஆனால் நேர் மேலிருந்து பார்க்க வேண்டும். சரிந்து பார்த்தால் எண் மாறித் தெரியும். குனிந்து இழுத்துக்கொண்டே ஊசியைப் பார்ப்பது முதுகுக்குச் சுகமில்லை. இருந்தாலும் வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை பாவிப்பவருக்கு, அதுவும் கடலோர வீட்டுக்காரருக்கு, என் வாக்கு ஊசிக்குத்தான். மாதாமாதம் சில்லைக் கழற்றுபவர், வான் ஓட்டுபவர் கிளிக் வாங்கட்டும்.

எதை வாங்கினாலும் உப்புவெளி, டச் பே பக்கம் நிறுத்துகிற காரின் ஸ்டட்டைப் பாருங்கள்: மரையெல்லாம் செம்மண் நிறம். நாம் கொடுக்கிற முறுக்கில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் ரிம்மை அழுத்திப் பிடிக்கப் போகிறது. மிச்சம் மரையிலும் நட்டின் இருக்கையிலும் உரசலுக்கே செலவாகிறது. துரு இருந்தால் உரசல் கூடும். ரென்ச் 103 என்று தட்டும், ஆனால் பிடி குறைவாக இருக்கும். அதற்குப் பயந்து ஒயில் பூசினால் உரசல் குறைந்து, அதே 103இல் ஸ்டட் அளவுக்கு மீறி இழுபடும். கையேட்டு எண் பெரும்பாலான கார்களில் சுத்தமான, உலர்ந்த மரைக்கு உரியது. ஆகவே கம்பித் தூரிகையால் மரையையும், ரிம் போய் உட்காருகிற ஹப் முகத்தையும் தேய்த்துத் துடைத்துவிட்டுப் பூட்டுங்கள். ஹப்பில் துருச் செதில் அகப்பட்டால் ஓட ஓட அது நசுங்கி நட்டு தளரும்.

ஆக நான் தேர்ந்தெடுக்கிற வழி கலப்படம்தான். நட்டை விரலால் பிடித்துச் சில மரை ஏற்றி, குறுக்கு ஸ்பானரால் ஓட்டி, டயர் நிலத்தைத் தொடும் வரை ஜக்கை இறக்கி, பிறகு டோர்க் ரென்ச். நாலு நட்டென்றால் எதிரெதிராக, ஐந்தென்றால் ஒன்றுவிட்டு ஒன்று நட்சத்திர வரிசையில், முதலில் பாதி அளவு, பிறகு முழு அளவு. டயர் கடையிலும் இதையே கேட்கலாம்: கழற்றக் கன், பூட்டக் கை. கடைசி இறுக்கு உங்கள் சொந்த ரென்ச்சால் என்றால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள், சிலர் சிரிப்பார்கள். 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடியபின், கந்தளாய்க்கு ஒருமுறை போய் வந்த கணக்கு, சில்லு ஆறியதும் திரும்ப ஒரு சுற்றுப் பாருங்கள்.

வாங்கும்போது அரை அங்குல முனை, 40 முதல் 200 நியூட்டன் மீற்றர் வரை போகிற ரென்ச்சாகப் பாருங்கள். கூடவே சொக்கெட்டும் எடுங்கள்: டொயோட்டாவுக்கு 21 மில்லிமீற்றர், ஹொண்டாவுக்கும் சுசுக்கிக்கும் 19. அலாய் ரிம்மில் நட்டுக்குழி ஒடுக்கமாக இருந்தால் மெல்லிய சுவர் உள்ள சொக்கெட்டாகக் கேளுங்கள், தடித்தது உள்ளே போகாது.