‘கழுவிப் பதப்படுத்திய’ கோகோபீட் கட்டி வாங்குவோர் கவனத்திற்கு

வீட்டிற்குள் விளக்கொளியில், ஊட்டக்கரைசலை மட்டும் கொடுத்து லெட்டூஸ் வளர்ப்பதற்காக, தலா 650 கிராம் எடையுள்ள ஆறு கோகோபீட் (அழுத்திய தென்னை நார்த்தூள்) கட்டிகளை இணையவழி விற்பனையாளர் ஒருவரிடம் வாங்கினேன். பாறைக்கம்பளியின் (பாறையை உருக்கி இழையாக்கிய வளர்ப்பு ஊடகம்) காரத்தன்மையை முதலில் குறைக்க வேண்டும் என்பதாலும், சுட்ட களிமண் உருண்டைகள் நாற்றுப் பருவத்திற்குப் போதிய ஈரத்தைத் தேக்கி வைப்பதில்லை என்பதாலும் தென்னை நார்த்தூளைத் தேர்ந்தெடுத்தேன். அந்தத் தேர்வில் பிழையில்லை. ‘கழுவியது, பதப்படுத்தியது’ என்று உறையில் அச்சிட்டிருந்ததைச் சோதிக்காமல் நம்பியதுதான் பிழை.

ஆறு கட்டிகளையும் ஒரே இரவில் ஊறவைத்தேன். அவை ஏறத்தாழ ஐம்பது லிட்டர் அளவுக்குப் பொங்கின. நாற்றுகளை நட்ட ஒரு வாரத்தில் இலைகளின் ஓரங்கள் கருகத் தொடங்கின. படங்களை அனுப்பிக் கேட்டபோது, ஊட்டக்கரைசலின் செறிவு அதிகம், பாதியாகக் குறையுங்கள் என்று விற்பனையாளர் பதிலளித்தார். அவ்வாறே குறைத்தேன். புதிதாக விட்ட இலைகள் முன்னிலும் மோசமாகச் சுருங்கின.

அதன் பிறகுதான் அளந்து பார்க்கத் தோன்றியது. நடவுக்குப் பயன்படுத்தாமல் மிஞ்சியிருந்த நார்த்தூளில் ஒரு பங்கை எடுத்து, ஒன்றரைப் பங்கு காய்ச்சி வடித்த நீரில் கலந்து, அரை மணி நேரம் கழித்து வடிகட்டி, அந்நீரின் மின்கடத்துதிறனை (ஈ.சி.) அளந்தேன்; நீரில் கரைந்த உப்பு கூடினால் இதுவும் கூடும். ஈ.சி. மீட்டர் சென்டிமீட்டருக்கு 2.9 மில்லிசீமன்ஸ் காட்டியது. நாற்றுகளுக்கு நான் கொடுத்த கரைசலே 1.0 அளவில்தான் இருந்தது. பி.எச். 6.2 என்று சரியாக இருந்ததால், அதை மட்டும் பார்த்துவிட்டு அதுவரை நிம்மதியாக இருந்திருக்கிறேன். தேங்காய் மட்டைகளைக் கடலோரத்து உவர்நீரில் ஊறப்போடும்போது அவற்றில் சோடியமும் குளோரைடும் ஏறுகின்றன. மட்டையில் இயல்பாகவே பொட்டாசியமும் மிகுதி. நன்னீரில் பலமுறை அலசாத தூளில் இவையெல்லாம் அப்படியே தங்கிவிடும்.

நான்கு முறை அலசிய பிறகு மின்கடத்துதிறன் 0.5-க்கு இறங்கியது. சிக்கல் தீர்ந்தது என்று எண்ணி இரண்டாம் தொகுதி நாற்றுகளை நட்டேன். இம்முறை முதிர்ந்த இலைகள் பசுமையாகவே இருந்தன. ஆனால் குருத்து இலைகளின் விளிம்புகள் பழுப்பேறின. இது கால்சியம் குறைபாட்டின் அடையாளம். நார்த்தூளின் துகள்கள் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் தம்மோடு பிணைத்து வைத்திருப்பதால், வெறும் நீரில் எத்தனை முறை அலசினாலும் பிணைந்த பகுதியில் பெரும்பங்கு போவதில்லை. நாம் ஊட்டக்கரைசல் ஊற்றும்போது அதிலுள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பற்றிக்கொண்டு, பிணைந்திருந்த சோடியத்தையும் பொட்டாசியத்தையும் நார்த்தூள் வெளியே விடுகிறது. ஆகவே கழுவுவது வேறு, கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்துப் பதப்படுத்துவது வேறு. நான் வாங்கிய கட்டிகளில் இவ்விரண்டுமே ஒழுங்காக நடந்திருக்கவில்லை. முதல் தொகுதிக்குக் கரைசலைக் குறைக்கச் சொன்ன அறிவுரை, செடிக்குக் கிடைத்துவந்த கொஞ்ச கால்சியத்தையும் பாதியாக்கியிருந்தது.

அளவீடுகளைக் காட்டிப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். நனைந்த பொருளைத் திரும்பப் பெறுவதில்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது. இதைத்தான் வாசகர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டும்: நனைக்காமல் இந்தக் குறையைக் கண்டறிய வழியில்லை, நனைத்துவிட்டாலோ அது பயன்படுத்திய பொருளாகிவிடுகிறது. உலர்ந்த கட்டி ஒன்றைக்கூட நான் மிச்சம் வைக்கவில்லை. தொகுதி எண் இருந்த உறைகளையும் குப்பையில் போட்டிருந்தேன்.

எனவே எத்தனை கட்டிகள் வாங்கினாலும் முதலில் ஒன்றை மட்டும் ஊறவைத்து, மேற்சொன்ன முறையில் அளந்து, மீட்டரின் எண் தெரியும்படி உறையோடு சேர்த்துப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குழாய் நீரில் அளக்க வேண்டாம். அதிலுள்ள உப்பும் கணக்கில் சேர்ந்துவிடும். மீட்டரில் எண் குறைவாக இருப்பதனால் மட்டும் பதப்படுத்தியதாகப் பொருளில்லை என்பதால், எந்த உப்பைக் கொண்டு பதப்படுத்தினீர்கள், சோடியம், பொட்டாசியம் அளவுகள் உள்ள சோதனை அறிக்கை உண்டா என்று வாங்குமுன் எழுத்தில் கேளுங்கள். ‘நன்றாகக் கழுவியது’ என்று மட்டும் பதில் வந்தால், பதப்படுத்தும் வேலை உங்களுடையது என்று கொள்ளலாம்.

நியாயமாகச் சொல்வதானால், அதே விற்பனையாளரிடம் வாங்கிய களிமண் உருண்டைகளில் தூசியைத் தவிரக் குறையேதும் இல்லை. நார்த்தூளை லிட்டருக்கு இரண்டு கிராம் கால்சியம் நைட்ரேட் கலந்த நீரில் ஓர் இரவு ஊறவைத்து, வடித்து, ஒருமுறை அலசிய பின் நட்ட மூன்றாம் தொகுதி நாற்றுகள் இப்போது நன்றாக வளர்கின்றன. அந்தக் கட்டிகளின் விளம்பரத்தில் ‘கழுவியது, பதப்படுத்தியது’ என்ற சொற்கள் இன்றும் மாறாமல் இருக்கின்றன.