பேர் மாறிய கன்வெர்ட்டரும் மாறாத அப்டேட்டரும்

"அந்த வீடியோ கன்வெர்ட்டர் பேரை மாத்திட்டாங்களாமே, இப்ப நம்பிப் போடலாமா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். டூல்பாரை ஒட்டிவிட்டு, பிரவுசரின் ஹோம் பேஜையும் பிடுங்கிக்கொண்ட அதே கன்வெர்ட்டர்தான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். வேலை சுத்தம். எம்கேவி வீடியோ கோப்பை எம்பி4 ஆக்கச் சொன்னால், உள்ளே இருக்கும் படம் எச்.264 முறையில் சுருக்கப்பட்டது என்று தெரிந்ததும் மறுபடி என்கோட் செய்யாமல் கன்டெய்னரை, அதாவது படத்தையும் ஒலியையும் சுமக்கும் வெளிப்பெட்டியை, மட்டும் மாற்றுகிறது. தரம் துளியும் குறைவதில்லை, நேரமும் மிச்சம். இரண்டாவது ஆடியோ டிராக்கும் சப்டைட்டிலும் வழியில் தொலைவதில்லை; காசு வாங்கும் சில மென்பொருள்களே இதில் சொதப்பும். புது இன்ஸ்டாலரில் "இதையும் சேர்த்துப் போடட்டுமா" என்று டிக் அடித்து வைத்த கட்டம் ஒன்றுகூட இல்லை. விளம்பரமும் இல்லை.

எரிச்சல் எல்லாம் புது வெர்ஷனைத் தானாகக் கொண்டுவரும் அப்டேட்டரில்தான். விண்டோஸில் வேலைகளைத் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்து பாருங்கள், பழைய பெயரிலேயே ஒரு டாஸ்க் சட்டமாக உட்கார்ந்திருக்கும். 'ஆக்ஷன்ஸ்' டேபில் அது ஓட்டும் கோப்பின் பாதை தெரியும்: மென்பொருள்கள் வழக்கமாக உட்காரும் ப்ரோக்ராம் ஃபைல்ஸ் இல்லை, உங்கள் கணக்கின் ஆப்டேட்டாவுக்குள் இருக்கும் லோக்கல் ஃபோல்டர். அங்கே எழுத அட்மின் அனுமதி தேவையில்லை. அதனால் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அப்டேட்டர் தன்னைத்தானே மாற்றிக்கொள்ளலாம். அன்று டூல்பார் வந்ததும் இதே வாசல் வழியாகத்தான். டாஸ்க்கை டிலீட் செய்தால், மென்பொருளை அடுத்த முறை திறக்கும்போது திரும்ப முளைக்கிறது. டிலீட் வேண்டாம், ரைட் கிளிக் செய்து 'டிசேபிள்' கொடுங்கள். டாஸ்க் இருக்கிறதா என்றுதான் அது பார்க்கிறது, இயங்குகிறதா என்று பார்ப்பதில்லை. அன்இன்ஸ்டால் செய்தாலும் இந்த டாஸ்க்கும் ஆப்டேட்டா ஃபோல்டரும் போவதில்லை, கையால்தான் அழிக்க வேண்டும்.

அப்டேட்டர் கோப்பின் ப்ராப்பர்ட்டீஸில் 'டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்' டேபையும் பாருங்கள். கையெழுத்து இன்னும் பழைய கம்பெனி பெயரில்! கையெழுத்திட்டவர் யார் என்று காட்டும் சான்றிதழ் மெயின் ப்ரோக்ராமுக்குப் புதுசு, அப்டேட்டருக்குப் பழையது. விண்டோஸ் டிஃபெண்டர் அவ்வப்போது இதை 'வேண்டாத ஆப்' என்று மடக்குவதில் ஆச்சரியமே இல்லை. ஆன்டிவைரஸ் லோகோவைப் பார்ப்பதில்லை. கோப்பின் நடத்தை, கையெழுத்திட்டவர், ஹாஷ் (கோப்பின் கைரேகை போன்ற எண்) இவற்றைத்தான் பார்க்கிறது. முழுக்கப் புதுச் சான்றிதழுக்குப் போனாலும், அறிமுகமில்லாத கோப்புகளை எச்சரிக்கும் விண்டோஸின் ஸ்மார்ட்ஸ்கிரீனில் நற்பெயரைப் பூஜ்யத்திலிருந்து சேர்க்க வேண்டும், அதுவரை நீலப் பெட்டி வந்து பயமுறுத்தும். அந்தக் கஷ்டத்துக்குப் பயந்து அப்டேட்டரைத் தொடாமல் விட்டார்களோ என்னவோ.

இது புதுக் கதை இல்லை. பாப்-அப் விளம்பரத்துக்குப் பேர் போன கேட்டர் கம்பெனி 2003-ல் கிளாரியா ஆனது, விளம்பரம் தொடர்ந்தது, பெயரும் தேறவில்லை. விளம்பர மென்பொருள் விவகாரத்தில் பெயர் அடிபட்ட கிராஸ்ரைடர் 2018-ல் கேப் டெக்னாலஜீஸ் ஆனது. விபிஎன் கம்பெனிகளை வாங்கிப் பெரிதாக வளர்ந்தும், பழைய பெயரைச் சொல்லிக் காட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மென்பொருள் டவுன்லோட் தளமான சோர்ஸ்ஃபோர்ஜ் மட்டும் வேறு வழியில் போனது. 2016-ல் கைமாறியதும் புது முதலாளிகள் பெயரைத் தொடவில்லை, இன்ஸ்டாலரில் மற்ற மென்பொருளைச் செருகிய டெவ்ஷேர் திட்டத்தைத்தான் முதலில் இழுத்து மூடினார்கள்.

என் தீர்ப்பு: போடாதீர்கள். என் கணினியிலிருந்து மட்டும் எடுக்க மனசு வரவில்லை, அந்த சப்டைட்டில் விஷயம் அவ்வளவு ஒழுங்கு. பிடிவாதமாக வேண்டும் என்பவர்கள் இன்ஸ்டாலரை விட்டுவிட்டு, டவுன்லோட் பக்கத்தின் அடியில் ஒளித்து வைத்திருக்கும், இன்ஸ்டால் செய்யாமலே ஓடும் போர்ட்டபிள் ஜிப்பை எடுங்கள். அதில் அப்டேட்டர் கிடையாது. புது வெர்ஷன் வந்திருக்கிறதா என்று அவ்வப்போது நீங்களே போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.