மீன் வயிறு வீங்கினால்: மலச்சிக்கலா, டிராப்சியா, தண்ணீர்க் கோளாறா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வரிசையில் மீன் தொட்டி இல்லாத வீடு குறைவு. போன மாதம் பக்கத்து வீட்டுப் பையன் ஐஸ்கிரீம் டப்பாவில் ஒரு தங்கமீனைத் தூக்கிக்கொண்டு வந்தான். "அங்கிள், இது சினையா இருக்குன்னு அம்மா சொல்றாங்க. ரெண்டு நாள்ல செத்துடும்னு மீன் கடை தவுக்கே சொல்றாரு. யார் சொல்றது சரி?" தவுக்கே என்றால் எங்கள் ஊரில் கடை முதலாளி.

மனிதருக்கு மகோதரம், அதாவது வயிற்றில் நீர் கோத்து வீக்கம், வந்தால் ஈரலா, சிறுநீரகமா, இதயமா என்று தேடுவார்கள் இல்லையா, மீனுக்கும் அதே கதைதான். வயிறு மட்டும் எதையும் சொல்லிவிடாது. அடிக்கடி குழப்பிக்கொள்வது மலச்சிக்கலையும், உடம்பில் நீர் கோத்து வீங்கும் டிராப்சியையும். இரண்டையும் பிரிக்க மீனைப் பக்கவாட்டில் பார்க்கக் கூடாது, மேலிருந்து பார்க்க வேண்டும். நல்ல மீனின் செதில், பாம்புத் தோல் போலிருக்கும் சாலாக் பழத்தோல் மாதிரி படிந்திருக்கும். டிராப்சி மீனுக்கு அன்னாசித் தோல் மாதிரி ஒவ்வொன்றாகத் தூக்கி நிற்கும். கண்ணும் சில நேரம் துருத்திக்கொள்ளும். மலச்சிக்கல் என்றால் செதில் படிந்தே இருக்கும், மீன் இரைக்கு ஓடி வரும், கழிவு வராது அல்லது வெள்ளை நூலாகத் தொங்கும்.

காரணமும் வேறு. நன்னீர் மீனின் உடம்பில் உப்பு, சுற்றியிருக்கும் தண்ணீரைவிட அதிகம். அதனால் செவுள் வழியாகத் தண்ணீர் உள்ளே புகுந்துகொண்டே இருக்கும். அதை வெளியே தள்ளுவது சிறுநீரகத்தின் வேலை. ஏரோமோனாஸ் போன்ற பாக்டீரியா தாக்கியோ வேறு எதனாலோ சிறுநீரகம் படுத்துவிட்டால், வந்த தண்ணீர் வயிற்றிலும் செதிலுக்கு அடியிலும் தேங்குகிறது. செதில் தூக்கி நிற்கும்போது உள்ளே சேதம் முற்றியிருக்கும். அதனால்தான் தவுக்கே கையை விரிக்கிறார், அதில் தப்பில்லை.

மலச்சிக்கலுக்கு இரண்டு மூன்று நாள் பட்டினி போடுங்கள். அப்புறம் தோலுரித்து வேகவைத்த பச்சைப் பட்டாணி, நகக்கண் அளவு. பெரும்பாலும் சரியாகிவிடும். டிராப்சிக்குத் தனித் தொட்டி, 20 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி எப்சம் உப்பு (மக்னீசியம் சல்பேட்), கூடவே நுண்ணுயிர்க்கொல்லி மருந்து. தண்ணீரில் கரைக்கும் மருந்து உள்ளுறுப்பு வரை போய்ச் சேருவது கொஞ்சம்தான், இரையோடு கொடுத்தால் மேல். ஆனால் அந்த நேரத்தில் மீன் வாயைத் திறக்காது. சமையல் உப்பை எப்சம் உப்புக்குப் பதிலாகப் போட்டுவிடாதீர்கள். இரண்டும் ஒன்றல்ல, வேலை செய்யாத சிறுநீரகத்துக்குச் சோடியம் இன்னொரு சுமை.

சினை விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கப்பி குட்டி போடும், தங்கமீன் முட்டைதான் இடும். முட்டை சுமக்கும் மீன் நன்றாகச் சாப்பிடும், செதில் தூக்காது.

மீன் காசநோய் கொஞ்சம் வேறு ரகம். முதுகு வளையும், உடல் வற்றும், வயிறு ஒட்டும், சில நேரம் வீங்கவும் செய்யும். மாதக்கணக்கில் ஒவ்வொன்றாகச் சாகும். அறுத்தால் உள்ளுறுப்பில் வெள்ளைக் குருணைகள். மைக்கோபாக்டீரியம் மரினம் என்ற அந்தக் கிருமி கையில் வெட்டுக்காயம் இருந்தால் நம் தோலுக்கும் தொற்றும், ஆறாத புண்ணாக நிற்கும். ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போய்விட்டு வந்து காயக்கையைத் தொட்டியில் விடுகிறவர்கள் கையுறை போடுங்கள்.

இனி, காரணம் தெரியாத சாவு. என் கணக்கு எளிது: ஒவ்வொன்றாகச் செத்தால் நோயைத் தேடு, ஒரே இரவில் பல செத்தால் தண்ணீரைத் தேடு. புதுத் தொட்டியில் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் மீனை நிரப்பினால் அம்மோனியா கொல்லும். தண்ணீர் வெட்டுக்குப் பிறகு குழாயில் குளோரின் வாடை தூக்கலாக வரும் நாளில் குளோரினை முறிக்கும் ஆன்ட்டி குளோரின் போடாமல் தண்ணீரை மாற்றினாலும் அதே கதி.

எனக்கு நேர்ந்தது வேறு. டிங்கிக்காகத் தெருவில் புகை மருந்து அடித்தார்கள். நான் ஜன்னலைச் சாத்தினேன், காற்று மோட்டாரை அணைக்க மறந்தேன். அது அறைக் காற்றை இழுத்து நேரே தண்ணீரில் குமிழியாக விட்டது. கொசு மருந்தில் வரும் பைரித்ராய்டு மனிதரைவிட மீனுக்குப் பல மடங்கு விஷம். விடிவதற்குள் பதினாலு டெட்ரா மீன் செத்துக் கிடந்தன, ஒன்றின் உடம்பிலும் நோயின் புள்ளி ஒன்றுகூடக் கிடையாது. தொட்டியை மூடி, மோட்டாரைக் கொஞ்ச நேரம் நிறுத்தியிருந்தால் போதும்.

இன்னொன்று, இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். எங்கள் ஊர்ச் சூட்டில் இரவு பத்து மணிக்குச் செத்த மீன் காலையில் ஊதித்தான் கிடக்கும். அது அழுகலின் வாயு. அந்த வீக்கத்தைப் பார்த்து "டிராப்சி" என்று முடிவு கட்டி மீதி மீனுக்கெல்லாம் மருந்து ஊற்றுகிறார்கள். அறுத்துப் பார்க்க வேண்டுமானால் செத்த உடனே பார்க்க வேண்டும், செவுள் இன்னும் சிவப்பாக இருக்கும்போதே. ஆய்வகத்துக்கும் செத்துப்போன மீனைவிட, உயிரோடு நோயில் இருக்கும் மீன்தான் பயன். பினாங்கில் பத்து மாவுங் என்ற இடத்தில் மீன்வளத் துறையின் தேசிய மீன் நல ஆராய்ச்சி மையம் இருக்கிறது. ஒரு கப்பிக்காக அவ்வளவு தூரம் போவீர்களா என்றால், நான் போனதில்லை.

பையனின் மீனை மேலிருந்து பார்த்தேன். செதில் படிந்திருந்தது, ஆனால் வலப்பக்கம் மட்டும் புடைப்பு. பட்டினியும் பட்டாணியும் பார்த்தாயிற்று, மாற்றமில்லை. தங்கமீனுக்குச் சிறுநீரகத்தில் ஹோஃபரெல்லஸ் என்ற ஒட்டுண்ணி புகுந்து, இப்படி ஒரு பக்கமாக வீங்குவது உண்டு. அதற்கு மருந்து இல்லை. கட்டியாகவும் இருக்கலாம். அறுக்காமல் சொல்ல முடியாது.

"அறுக்கலாமா அங்கிள்?" என்றான் பையன். மீன் ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி அவன் போட்ட இரையைக் கவ்விக்கொண்டிருந்தது. "சாப்பிடுதே, விடு" என்றேன். டப்பாவை அணைத்துக்கொண்டு போனான்.