உயர்கல்வியியல் முனைவர் பட்டம்: பாடங்களை எந்த வரிசையில் எடுப்பது?

அமெரிக்க முறையில் அமைந்த ஓர் உயர்கல்வியியல் முனைவர் பட்டத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். முதுநிலைக்குப் பிறகு 60 கிரெடிட். அடிப்படைப் பாடங்கள் 18, ஆய்வு முறையியல் 15, வேறு துறைப் பாடங்கள் 9, விருப்பப் பாடங்கள் 6, ஆய்வேடு 12. பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் எண்கள் கூடும், குறையும். கட்டமைப்பு ஏறத்தாழ இதுதான். ஒரு பாடத்துக்கு 3 கிரெடிட் என்றால், ஆய்வேடு நீங்கலாக 16 பாடங்கள். செமஸ்டருக்கு 3 பாடமும் இடையில் ஒரு கோடையில் 1 பாடமும் எடுத்தால் 5 செமஸ்டரில் முடியும்.

எந்தப் பாடங்களைப் படிக்க வேண்டும் என்பதில் பெரும்பகுதியைத் துறையே முடிவு செய்துவிடுகிறது. மாணவருக்கு மிஞ்சுவது வரிசை. பலர் அதை அவ்வப்போது கால அட்டவணையில் எது வசதியாக விழுகிறதோ அதன்படி விட்டுவிடுகிறார்கள். அதற்கான விலை மூன்றாம் ஆண்டில் தெரியவரும்.

முதல் வழி: அடிப்படை முதலில், முறையியல் பிறகு

உயர்கல்வி வரலாறு, நிர்வாகமும் அமைப்பும், மாணவர் வளர்ச்சி, நிதி, சட்டம், கொள்கை ஆகிய ஆறையும் முதல் ஆண்டில் முடித்துவிடுவது. இதற்கு வலுவான நியாயம் உண்டு. துறையின் கேள்விகள் இந்தப் பாடங்களில்தான் பிறக்கின்றன. மாணவர்கள் படிப்பை ஏன் இடையில் நிறுத்துகிறார்கள் என்ற கேள்விக்கு ஆய்வாளர் வின்சென்ட் டின்டோ 1975-இல் தந்த விடை, கல்லூரியின் கல்விச் சூழலோடும் சமூகச் சூழலோடும் மாணவர் எவ்வளவு ஒன்றுகிறார் என்பதைச் சுற்றியது. பத்தாண்டு கழித்து, 1985-இல், ஆய்வாளர்கள் பீனும் மெட்ஸ்னரும் வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கும் வயதில் மூத்த மாணவர்களை எடுத்துக்கொண்டு, அவர்களைப் பொறுத்தவரை வெளிச்சூழலே கனமானது என்று வாதிட்டார்கள். இரண்டையும் படித்தவர் தன் ஆய்வுக்கான கேள்விப் பட்டியலில் வேலை நேரத்தையும் குடும்பப் பொறுப்பையும் சேர்ப்பார். முதலாவதை மட்டும் அறிந்தவருக்கு அது தோன்றாது; தரவு சேகரித்த பிறகு தோன்றிப் பயனில்லை.

ஆனால் இந்த வழியில் ஒரு பள்ளம் இருக்கிறது. புள்ளியியல் தெரியாமல் இந்தக் கட்டுரைகளைப் படிக்கும் மாணவர் முன்னுரையையும் முடிவுரையையும் படித்துவிட்டு நடுவில் உள்ள அட்டவணைகளைத் தாண்டிவிடுவார். ஆசிரியர் சொன்ன முடிவு தரவில் நிற்கிறதா என்று பார்க்க முடியாது. ஓர் ஆண்டு முழுக்க அப்படிப் படித்தால் அதுவே பழக்கமாகிவிடும்.

இன்னொரு சிக்கல் கால அட்டவணை சார்ந்தது, இதைவிடக் கடுமையானது. முறையியல் பாடங்கள் சங்கிலி போன்றவை. அடிப்படைப் புள்ளியியல் முடிக்காமல் ரெக்ரஷன் (ஒரு மாறி மற்ற மாறிகளோடு எப்படி மாறுகிறது என்று கணிக்கும் முறை) எடுக்க முடியாது. ரெக்ரஷன் இல்லாமல் பன்னிலை மாதிரிப் பாடத்தில் (கல்லூரிக்குள் மாணவர் என அடுக்கடுக்காக அமைந்த தரவைக் கையாளும் முறை) சேர முடியாது. முதல் இரண்டும் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு முறை நடக்கும். மூன்றாவது பல இடங்களில் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறைதான். இரண்டாம் ஆண்டின் முதல் செமஸ்டரில் புள்ளியியல் தொடங்கினால், பன்னிலை மாதிரி மிக முந்தி வருவது ஐந்தாம் செமஸ்டர். அதாவது கடைசிச் செமஸ்டர். அந்தப் பாடம் இரண்டாம் ஆண்டில் நடந்து முடிந்திருந்தால், அடுத்த முறை நான்காம் ஆண்டில், ஏழாம் செமஸ்டரில்தான். ஒரே ஒரு பாடத்துக்காக ஓராண்டு காத்திருப்பது இப்படித்தான் நிகழ்கிறது.

இரண்டாம் வழி: முறையியல் முதலில்

முதல் செமஸ்டரிலேயே புள்ளியியலும், எண்களை விட நேர்காணல் போன்றவற்றை நம்பும் பண்புசார் ஆய்வின் அடிப்படையும். சங்கிலி மூன்றாம் செமஸ்டரில் முடியும். இரண்டு செமஸ்டர் மிச்சம். ஒரு பாடம் ரத்தானாலும் திட்டம் உடையாது.

குறை என்னவென்றால், கேள்வி இல்லாமல் கருவியைக் கற்கிறோம். பாடநூலோடு வரும் தரவில் பயிற்சி செய்து, தேர்வு எழுதி, மதிப்பெண்ணும் வாங்கி, இரண்டு ஆண்டு கழித்து ஆய்வேட்டுக்கு உட்காரும்போது லாஜிஸ்டிக் ரெக்ரஷனின் குணகத்தை எப்படி வாசிப்பது என்பதே மறந்திருக்கும். இதற்கு மருந்து உண்டு. பயிற்சிகளை உயர்கல்வித் தரவிலேயே செய்ய அனுமதி கேளுங்கள். அமெரிக்காவின் ஐபெட்ஸ் தொகுப்பு நிறுவன அளவிலான தரவு. யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஆனால் அதில் தனி மாணவர் பதிவு இல்லை. ‘மாணவர்கள் ஏன் விலகுகிறார்கள்’ என்பதற்கு அது நேர் விடை தராது, ‘எந்த வகைக் கல்லூரிகளில் விலகல் விகிதம் கூடுதல்’ என்பதற்கே தரும். இந்த வேறுபாட்டை முதல் ஆண்டிலேயே கையால் உணர்ந்துவிடுவது பெரிய லாபம்.

மூன்றாம் வழி: இணைத்துப் பின்னுவது

ஒவ்வொரு செமஸ்டரிலும் ஓர் அடிப்படைப் பாடம், ஒரு முறையியல், மூன்றாவது இடத்தில் வேறு துறைப் பாடமோ விருப்பப் பாடமோ இன்னோர் அடிப்படைப் பாடமோ. முழுநேர மாணவருக்கு நாங்கள் பரிந்துரைப்பது இதைத்தான். காரணம் வாராந்தரம் தெரியும்: செவ்வாய்க்கிழமை ரெக்ரஷன் வகுப்பில் கற்ற அட்டவணையை வியாழக்கிழமை மாணவர் வளர்ச்சி வகுப்பின் கட்டுரையில் காண்கிறார், தாண்டிப் போவதில்லை. சங்கிலியும் முதல் செமஸ்டரிலேயே தொடங்கிவிடுகிறது.

இதன் குறை, அடிப்படைப் பாடங்கள் ஐந்து செமஸ்டருக்கும் பரவிப்போவது. சில துறைகளில் முதல் ஆண்டு முடிவிலேயே ஒரு தகுதிகாண் தேர்வு இருக்கும். அங்கே இந்த வழி உதவாது, முதல் வழிக்குச் சற்று நெருங்கித்தான் ஆக வேண்டும். சேரும் முன் இதைத் துறையிடம் கேட்டுவிடுங்கள்.

பகுதிநேர மாணவரின் கணக்கு வேறு. செமஸ்டருக்கு 2 பாடம், இரண்டு கோடைகளில் தலா 2 என்று வைத்தால் 16 பாடங்களுக்குச் சரியாக 3 ஆண்டு. கோடையில் உயர்நிலை முறையியல் பாடங்கள் அரிதாகவே நடக்கும். கோடையை விருப்பப் பாடங்களுக்கு ஒதுக்கிவிட்டு, வழக்கமான செமஸ்டரில் இரண்டில் ஓர் இடத்தைச் சங்கிலிக்கே கொடுங்கள். கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்கு நிர்வாகப் பாடங்கள் எளிதாக இருக்கும் என்பதால் அவற்றையே முதலில் எடுக்கும் ஆசை வரும். தவிருங்கள். தெரிந்ததை முதலில் முடித்துவிட்டால், கடைசி ஆண்டில் கடினமானவை மட்டுமே மிஞ்சும்.

அளவுசார்பா, பண்புசார்பா, இரண்டுமா?

முறையியலுக்கு இருப்பது 5 இடங்கள். ஆய்வு வடிவமைப்புக்கு ஒன்று போனால் மிச்சம் 4. அளவுசார் வழியில் மூன்று படி ஏறி, பண்புசார் அடிப்படை ஒன்றைச் சேர்க்கலாம். பண்புசார் வழியில் அடிப்படை, களப்பணி, பகுப்பாய்வு என்று மூன்றும் ஒரு புள்ளியியலும். இரண்டையும் கலக்க விரும்பினால் இரண்டு இரண்டாகப் பிரியும். எதிலும் மூன்றாம் படியை எட்ட முடியாது. கலப்பு முறை சுலபமான நடுவழி போலத் தோன்றுகிறது. உண்மையில் அதற்குத்தான் அதிகப் பாடங்கள் தேவை. அந்த வழியில் போவதானால் விருப்பப் பாடங்களின் 6 கிரெடிட்டையும் முறையியலுக்கே எழுதிவிடுங்கள்.

மூன்றாம் படி ஏன் முக்கியம்? உயர்கல்வித் தரவில் மாணவர்கள் கல்லூரிகளுக்குள் அடங்கியிருக்கிறார்கள். ஒரே கல்லூரி மாணவர்கள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். சாதாரண ரெக்ரஷன் அவர்களைத் தனித்தனியாக எண்ணுவதால் திட்டப்பிழை (மதிப்பீடு எவ்வளவு தவறக்கூடும் என்பதன் அளவு) செயற்கையாகச் சுருங்கும்; இல்லாத விளைவு இருப்பதாகத் தெரியும். கட்டணம், ஆசிரியர் விகிதம் போன்ற கல்லூரி அளவு மாறிகளில்தான் இது மோசமாகப் பாதிக்கும். 5,000 மாணவர்கள் இருந்தாலும் அவர்கள் 8 கல்லூரியைச் சேர்ந்தவர்கள் என்றால், கல்லூரி அளவில் உங்கள் கையில் இருப்பது 8 மட்டுமே. பன்னிலை மாதிரிகூட அங்கே காப்பாற்றாது. கேள்வியை மாற்ற வேண்டும்.

பண்புசார் வழியில் இடறுவது அனுமதியில். களப்பணிப் பாடத்தில் எடுக்கும் நேர்காணல்களை வகுப்புப் பயிற்சி என்று கருதிப் பல பல்கலைக்கழகங்கள் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கேட்பதில்லை. அப்படி எடுத்தவற்றை ஆய்வேட்டில் பயன்படுத்த முடியாது. பின்தேதியிட்டு ஒப்புதல் தரமாட்டார்கள். நல்ல நேர்காணல்கள் வீணாகாமலிருக்க, பாடம் தொடங்குவதற்கு முந்தைய செமஸ்டரிலேயே விண்ணப்பம் போக வேண்டும். 15 வாரப் பாடத்தின் முதல் வாரத்தில் விண்ணப்பித்தால், ஒப்புதல் வரும்போது செமஸ்டரில் பாதி போயிருக்கும்.

வேறு துறைப் பாடங்கள்: ஒரே துறையிலா, பரவலாகவா?

ஒரே துறையில், மூன்றும். சமூகவியலில் ஒன்று, பொருளியலில் ஒன்று, பொதுக்கொள்கையில் ஒன்று என்று எடுத்தால் மூன்று அறிமுகங்கள் கிடைக்கும். ஒரே துறையில் எடுத்தால் அந்தத் துறையின் பேராசிரியர் ஒருவர் உங்களை அறிந்திருப்பார். ஆய்வேட்டுக் குழுவுக்கு வெளித்துறை உறுப்பினர் தேடும்போது முன்பின் தெரியாதவரிடம் கேட்க வேண்டியிருக்காது. பொருளியலில் முதுநிலைப் பொருளாதார அளவியல் (எக்கனாமெட்ரிக்ஸ்) வகுப்புக்கு நுண்கணிதமும் நேரியல் இயற்கணிதமும் வேண்டும். அது இல்லாதவர்கள் கொள்கை மதிப்பீட்டுப் பாடங்களிலிருந்து தொடங்கலாம். சமூகவியலில் நுழைவு எளிது, வாசிப்புச் சுமை அதிகம். எந்தத் துறையானாலும் தன் மாணவர்களுக்கே முதலில் இடம் கொடுக்கும். பதிவு திறந்த பிறகு கேட்டால் இடம் இருக்காது. ஒரு செமஸ்டர் முன்னதாகப் பேராசிரியருக்கு எழுதுங்கள்.

திட்டத்தைத் தாளில் எழுதும்போது ஆய்வேட்டிலிருந்து பின்னோக்கி வாருங்கள். ஆய்வேட்டுக்குத் தேவையான கடைசி முறையியல் பாடம் எது, அது கடைசியாக எந்தச் செமஸ்டரில் நடந்தது, அதற்கு முன் எவை என்று நிரப்பி, அவற்றை மட்டும் மையால் எழுதுங்கள். மற்றவை பென்சிலில் இருக்கலாம். கடந்த நான்கு ஆண்டுக் கால அட்டவணையைத் துறை அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். பாடப் பட்டியலில் அச்சாகியிருக்கும் பாடங்களில் சில அந்த நான்கு ஆண்டில் ஒரு முறைகூட நடந்திருக்காது. அப்படி ஒன்று உங்கள் சங்கிலியில் இருந்தால், அதற்கு மாற்றாக எது ஏற்கப்படும் என்பதை நெறியாளரிடமிருந்து எழுத்தில் பெற்று, கையொப்பமிட்ட பாடத்திட்டப் படிவத்தோடு சேர்த்து வையுங்கள்.