இரட்டையாய்த் தெரியும் குற்றி: அச்சுப் பிழையா, மெஷின் ஆட்டமா?

கிளிநொச்சிச் சந்தையில் மிச்சக் காசாக வந்த ஐந்து ரூபாக் குற்றியில் ஆண்டு இலக்கம் இரட்டையாய்த் தெரிகிறது. உடனே படமெடுத்துப் போட்டு விலை கேட்கிறார்கள். ‘இலட்சம் போகும்’ என்று ஒருவர் சொல்ல, பொடியன் அன்றிரவு நித்திரை கொள்வதில்லை. அப்படி வரும் படங்களில் பெரும்பாலானவை மெஷின் டபுளிங்தான், அதாவது குற்றி அடிக்கும் பொறியின் ஆட்டத்தால் வந்த இரட்டிப்பு. அதற்குக் குற்றியில் எழுதியிருக்கும் பெறுமதிக்கு மேல் ஒரு சதமும் கிடைக்காது.

டபுள்ட் டை என்னும் இரட்டை அச்சில் பிழை அச்சிலேயே, அதாவது குற்றியில் உருவத்தை அடிக்கும் உருக்குக் கட்டையிலேயே இருக்கிறது. முன்பெல்லாம் அச்சுச் செய்யும்போது, உருவம் புடைத்திருக்கும் தாய் அச்சை உருக்கில் ஒரு தடவைக்கு மேல் அழுத்துவார்கள். இடையில் உருக்கைச் சூடாக்கி இளக்கி மறுபடி வைக்கும்போது நூலளவு திரும்பினாலும் உருவம் இரண்டாய்ப் பதிந்துவிடும். பிறகு அந்த அச்சில் அடிக்கும் ஒவ்வொரு குற்றியிலும் அதே இரட்டை, அதே இடத்தில் வரும்.

மெஷின் டபுளிங்கில் அச்சில் குறையே இல்லை. பொறியில் அது தளர்ந்து நிற்கிறது. அடி விழுந்த கையோடு சற்று ஆடி, அப்போதுதான் எழும்பிய எழுத்தின் ஓரத்தை நசுக்கிவிடுகிறது. ஈர வரப்பில் மண்வெட்டியின் தட்டைப் பக்கம் இழுபட்டது போல, எழுத்தின் அருகில் தாழ்வான, தட்டையான ஒரு படி தெரியும்.

இரண்டையும் பிரிக்க, பத்து மடங்கு உருப்பெருக்கிக் கண்ணாடியில் எழுத்தின் தடிப்பைத்தான் முதலில் பார்ப்பேன். இரட்டை அச்சில் எழுத்து தடித்திருக்கும். இரண்டு உருவமும் உருண்டு புடைத்து நிற்கும். மூலையில் சின்ன வெட்டு விழுந்து பிளந்திருக்கும். மெஷின் டபுளிங்கில் எழுத்து மெலிந்திருக்கும், ஏனென்றால் அந்தப் படி எழுத்தின் சொந்த உலோகத்திலிருந்து வந்தது. ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் தலை போட்ட சிலோன் சதம் ஒன்றிருந்தால் காலை வெயிலில் சரித்துப் பிடித்துப் பாருங்கள். படி இருந்தால் கண்ணாடித் துண்டு போல ஒரேயடியாய் மின்னும். இரட்டை எவ்வளவு அகலம் என்பதை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். மெஷின் டபுளிங்கும் அகலமாய் வரும்.

உலகறிந்த எடுத்துக்காட்டு 1955-ஆம் ஆண்டு அமெரிக்க லிங்கன் சதம். பிலடெல்பியா நாணயச்சாலையில் அடித்தது. 20,000-க்கும் மேல் வெளியே போய்விட்டன. ஆண்டும் ‘லிபர்ட்டி’ என்ற சொல்லும் வெறுங்கண்ணுக்கே இரண்டாய்த் தெரியும். ஒன்றை எடுத்து இன்னொன்றோடு வைத்தால் இரட்டிப்பு அச்சொட்டாகப் பொருந்தும். இதுதான் பெரிய சாட்சி. உங்கள் குற்றிக்கும் அதே ஆண்டில் அதே இரட்டிப்போடு இன்னொன்றைத் தேடுங்கள்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு குழப்பமும் உண்டு. யாழ்ப்பாண அரசர் காலத்துச் சேது காசில் நந்தியோ எழுத்தோ இரட்டையாய் இருந்தால், அது இந்த இரண்டிலும் சேராது. அவை கையால் சுத்தியலில் அடித்தவை. காசு நகர்ந்தபின் அடுத்த அடி விழுந்தால் உருவம் இரண்டாகும். அந்தக் காசின் மதிப்பு அதன் பழைமையில் இருக்கிறது, இரட்டிப்பில் இல்லை.

அப்புறம், கிணறு இறைக்கும்போதும் அத்திவாரம் வெட்டும்போதும் கிடைக்கிற காசைப் பழப்புளி போட்டுத் தேய்க்கவே வேண்டாம். எழுத்தின் ஓரமும் அந்தப் படியும் தேய்ந்துபோனால் எது எதுவென்று யாராலும் சொல்ல முடியாது. தண்ணீரில் அலசி, துடைக்காமல் உலரவிடுங்கள். விலை பேச வருகிறவர் ‘இப்பவே தாங்கோ’ என்று அவசரப்படுத்தினால் கொடுக்காதீர்கள். பக்கவாட்டு வெளிச்சத்தில் இரு பக்கமும் படமெடுத்து, நாணயம் சேர்க்கும் இரண்டு பேரிடமாவது தனித்தனியாய்க் காட்டுங்கள்.