கேஸ் தீரவில்லை, ஃபேன் சுற்றவில்லை

விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது சித்தப்பா தம் காரைக் கொடுத்தார். கூடவே அதன் குறைகளையும் சொன்னார். சிக்னலில் நின்றால் ஏசி வெறும் காற்றை ஊதும். நெரிசலில் ஊர்ந்தால் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டை நோக்கி ஏறும். மூன்றாவது குறையைக் குளிர் நாட்டில் வண்டி ஓட்டுகிறவன் என்பதால் நானே கண்டேன்: விடியற்காலையில் மலைப்பாதையில் கண்ணாடி பனித்தபோது ஹீட்டரைப் போட்டால் வெதுவெதுப்புக்கு மேல் ஏறவில்லை. நின்றால் கொதிக்கும் எஞ்சின், ஓடினால் சூடேற மறுக்கிறது!

முதலில் போன பட்டறையில் ஒரு தம்பி பானெட்டைத் திறந்ததுமே, "கேஸ் குறைந்திருக்கும் சார், நிரப்பிவிடலாம்" என்றார். அழுத்தமானியைக் கையில் எடுக்கவே இல்லை. ஏசி கேஸ் பெட்ரோல்போல எரிந்து தீரும் பொருள் அன்று. மூடிய குழாய்களுக்குள்ளேயே சுற்றி வருவது. குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவைத் தேடாமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலை. வேண்டாம் என்று கிளம்பிவிட்டேன்.

வழியில் நெரிசலில் முள் ஏறியது. ஏசியை நிறுத்தி, ஜன்னல்களை இறக்கி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்தேன். பக்கத்தில் இருந்த தம்பி முறைக்காரன் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே நினைத்தான். ஹீட்டருக்குள் இருப்பதும் ஒரு சிறிய ரேடியேட்டர்தான்; எஞ்சினின் சூட்டில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்ளும். இருவரும் வியர்த்து நனைந்தோம், முள் இறங்கியது. இறங்காவிட்டால் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் மட்டும் கை வைக்கக் கூடாது.

அடுத்துப் பார்த்தவர் வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன். அவர் எதையும் தொடுவதற்கு முன் கேட்டார்: "வண்டி ஓடும்போது நன்றாகக் குளிர்கிறதா? நின்றால்தான் போகிறதா?" பாதி விடை அந்தக் கேள்வியிலேயே இருந்தது. ஏசி கேஸின் சூட்டை வெளியே விடும் கண்டென்சர், ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கிறது. ஓடும்போது எதிர்க்காற்றே இரண்டையும் குளிர்விக்கும். நிற்கும்போது ஃபேன்தான் துணை. ஏசியைப் போட்டுவிட்டு வண்டியின் முன்னால் போய் நின்றார். ஃபேன் அசையவில்லை. பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் கொடுத்ததும் சுழன்றது. ஆக, மோட்டாரில் பழுதில்லை. ஃபியூஸும் சரி. ஃபேனுக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்சான ரிலேக்குப் பதிலாக, ஹார்னுக்கு உரிய அதே வகை ரிலேயைக் கழற்றிப் போட்டார், ஃபேன் ஓடியது. கருகியிருந்தது ஒரு சிறிய ரிலே. பிறகுதான் அழுத்தமானியை மாட்டினார். ஃபேன் ஓட ஓட உயர் அழுத்தம் இறங்கியது. கேஸ் போதுமான அளவு இருந்தது.

நான் வாழும் நாட்டில் ஃபேனைத் தொகுதியாகவே மாற்றியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. அவர்களைக் குறை சொல்ல முடியாது, அங்கே உழைப்பு நேரத்தின் கணக்கு வேறு.

மலைப்பாதைப் புதிருக்கும் விடை கிடைத்தது. கொதிப்பைத் தடுக்கிறேன் என்று முன்பு யாரோ தெர்மோஸ்டாட்டையே கழற்றிவிட்டிருந்தார்கள். அது எஞ்சின் உரிய சூட்டை, பெரும்பாலும் 80 முதல் 90 டிகிரி செல்சியஸை, எட்டும்வரை கூலன்ட்டை, அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தை, ரேடியேட்டர் பக்கம் விடாத கதவு. அது இல்லாவிட்டால் திறந்த சாலையில் எஞ்சின் சூடேறாது, ஹீட்டரும் சூடாகாது, எரிபொருளும் கூடுதலாகச் செலவாகும். புதியதைப் பொருத்தி, ரேடியேட்டரில் இருந்த வெறும் தண்ணீரை வடித்து, கூலன்ட்டை ஊற்றினார். ஹீட்டரைத் திறந்துவைத்து, குமிழிகள் அடங்கும்வரை எஞ்சினை ஓடவிட்டார். உள்ளே காற்று தங்கினால் மறுபடியும் கொதிக்கும் என்பதால் இதில் அவசரம் காட்டவில்லை.

அவசரம் காட்டாதது மற்றவற்றிலும்தான். சாயங்காலம் தருவதாகச் சொன்ன வண்டி மறுநாள் மதியம்தான் கிடைத்தது. இடையில் தொலைபேசியை எடுக்கவில்லை. சிந்திய கூலன்ட்டை உதவியாளர் அப்படியே சாக்கடைக்குத் தள்ளியதும் பிடிக்கவில்லை. கூலன்ட்டில் வழக்கமாக இருக்கும் எதிலீன் கிளைகால் இனிப்பாக இருக்கும், நாய் நக்கினால் உயிருக்கே ஆபத்து. சொன்னேன், தலையாட்டினார்கள்.

முன் இருக்கையின் காலடி விரிப்பு ஈரமாக இருந்ததையும் காட்டினேன். அவர் தொட்டு முகர்ந்து பார்த்தார். பிசுபிசுப்பும் இனிப்பு வாடையும் இருந்தால் ஹீட்டர் ஒழுகுகிறது என்று சந்தேகிக்க வேண்டும். இது வெறும் தண்ணீர். ஏசியின் வடிகால் குழாயில் அடைப்பு. காற்றை ஊதித் தூசியை வெளியேற்றினார், அந்த வேலையைக் கணக்கில் சேர்க்கவில்லை.